இறங்காத கை

செங்குளம் வெங்காயப் பேட்டையில் லோடுமேன் சடையாண்டி தன் மகளை அடிக்க ஓங்கிய வலது கை ஓங்கியபடியே நின்றுபோனது ஒரு வியாழக்கிழமை, சந்தை நாள், காலை பத்தேகால் மணிக்கு. மூன்று லாரி நிற்க, நாலாவது லாரி பின்வாங்கிக்கொண்டிருக்க, அத்தனை வியாபாரிகளும் அத்தனை லோடுமேன்களும் பார்த்துக்கொண்டிருக்க, மேலே போன கை போனதுதான், கீழே வரவில்லை. முழங்கை நிமிர்ந்து, விரல் ஐந்தும் விரிந்து, காதை ஒட்டினாற்போல வானத்தைப் பார்த்து நின்றது. மகள் நாகஜோதிக்கு அப்போது பதினேழு வயசு. கண்ணை மூடிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தாள். ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று. கண்ணைத் திறந்து, "அடிக்கிறதுன்னா அடிங்கப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள்.

சடையாண்டி அடிக்கவில்லை. அடிக்க வேண்டாம், இறங்கினால் போதும் என்று தோளை உலுக்கினார், பல்லைக் கடித்தார், இடது கையால் பிடித்து இழுத்தார். அது பாட்டுக்கு நின்றது. ஜோதி இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பையைத் தோளில் மாட்டி, ஓரமாய் உட்கார்ந்து வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்த அம்மா ராக்குவிடம் போய்க் குனிந்து என்னவோ சொல்லிவிட்டு, பத்து நாற்பது பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். பஸ் திரும்புகிறவரைக்கும் அப்பனுடைய கை கூட்டத்துக்கு மேலே தெரிந்துகொண்டே இருந்தது. வழியனுப்புகிறார் என்று பஸ்ஸுக்குள் யாரோ சொன்னார்களாம்.

ஊர் சொல்கிற காரணம் ஒன்று, நடந்த காரணம் வேறு. பொம்பளைப் பிள்ளை பளு தூக்கப் போகிறதே என்ற ஆத்திரத்தில் ஓங்கினார் என்று ஊர் சொல்லும். அது பாதிதான். மீதிப் பாதி மூன்றே மூன்று பேருக்குத்தான் தெரியும், சடையாண்டிக்கு, ஜோதிக்கு, சடையாண்டியோடு ஜோடி சேர்ந்து மூடை தூக்குகிற மொக்கையனுக்கு.

செங்குளம் பேட்டையில் ஒரு முறை உண்டு. மூடையை இரண்டு பேர் ஆளுக்கொரு முனைக் காதைப் பிடித்துத் தூக்கி மூன்றாவது ஆளின் தலையில் ஏற்றும்போது, தூக்கிவிடுகிறவன் "விட்டேன்" என்று சொல்ல வேண்டும். சுமக்கிறவன் "வாங்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் கையை எடுக்கலாம். விழாவிட்டால் மழை கொட்டினாலும், முதலாளி வைதாலும், கை கடுத்து விரல் மரத்தாலும் எடுக்கக் கூடாது. ஏனென்றால் அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் ஒரு மனுஷனுடைய கழுத்து இருக்கிறது. சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோன பங்காளிகள்கூட இந்த இரண்டு சொல்லை மட்டும் பேசிக்கொள்வார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் சடையாண்டி அதை ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் இரும்புக் கம்பியைக் கொடுத்த அன்றே ஜோதி அதைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள். மாவட்டத்தில் முதல் பரிசு, விளையாட்டு விடுதியில் இடம் என்று கடிதம் வந்தது. சடையாண்டி கடிதத்தைக் கையில் வாங்கவே இல்லை.

"தூக்குறது என்னோட ஒழியட்டும்னுதான உன்னயப் படிக்க வச்சேன்?"

"இது வேற தூக்குறதுப்பா."

"தாயி, மூடைக்கும் மெடலுக்கும் வித்தியாசம் உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். முட்டிக்குத் தெரியுமா?"

அவருடைய இரண்டு முட்டியும் படி ஏறும்போது சத்தம் போடும். அந்தச் சத்தத்தை மகளுடைய காலில் கேட்க அவருக்கு மனசில்லை, அவ்வளவுதான். இதை வாயைத் திறந்து இப்படியே சொல்லியிருந்தால் அவள்கூடக் கேட்டிருப்பாள். மனுஷன் சொல்லவில்லை. கிளம்புகிற அன்றைக்குப் பேட்டைக்கு வந்து நின்றவளிடம், "ஒரு மூடையைச் சுமந்து லாரியில போட்டுட்டுப் போ, பாப்போம்" என்றார். அறுபது கிலோ. அவள் துண்டைச் சும்மாடு கட்டிக்கொண்டு வந்து குனிந்து நின்றாள். மொக்கையன் ஒரு காது, சடையாண்டி ஒரு காது. தலைக்குப் பக்கத்தில் மூடை வந்ததும், விழுந்து எழுந்தால் புத்தி வரும் என்று நினைத்து, சொல்லாமல் விட்டார்.

அடப்பாவி மனுஷா. மூடை ஒரு பக்கமாய் இறங்கி அவள் கழுத்தைச் சாய்த்தது, வலது முட்டி மடங்கித் தரையைத் தொடப் போனது, பேட்டையே "ஏய்" என்று கத்தியது. ஜோதி விழவில்லை. முதலில் குதிகால் ஊன்றியது, குதிகால் முட்டிக்குக் கொடுத்தது, முட்டி இடுப்புக்குக் கொடுத்தது, இடுப்பு முதுகுக்கும் முதுகு கழுத்துக்குமாக, ஒன்று வாங்கிக்கொண்ட பிறகே இன்னொன்று விட்டதாக, அவளுக்குள்ளேயே பத்து லோடுமேன்கள் நின்று கைமாற்றிக்கொண்டதுபோல எழுந்தாள். பலகையில் ஏறி, லாரியில் போட்டுவிட்டு, திரும்பி வந்து அப்பன் முன்னால் நின்றாள்.

"விட்டேன்னு சொல்லலையேப்பா நீங்க" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அப்போதுதான் அந்தக் கை மேலே போனது.

முதல் வாரம் ஊரே சேர்ந்து கையை இறக்கப் பார்த்தது. நல்லெண்ணெய் ஊற்றித் தேய்த்தார்கள். மொக்கையனும் இன்னும் இரண்டு பேரும் அதைப் பிடித்துத் தொங்கினார்கள். மூன்று பேரையும் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி வைத்துக்கொண்டு அது சும்மா நின்றது. கடைசியில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். எலும்பு பார்க்கிற டாக்டரம்மா படம் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, வெகு நேரம் பார்த்தார்.

"எலும்பு நல்லாருக்கு. மூட்டுக் கிண்ணம் வழவழன்னு இருக்கு. சதையிலயும் ஒரு குறை இல்ல" என்றார்.

"அப்புறம் ஏம்மா இறங்க மாட்டேங்குது?"

"உங்க தொழில்ல கயிறு பிடிப்பீங்கல்ல? கயித்தால இழுக்கலாம், தள்ள முடியுமா?"

"முடியாதுங்க."

"சதையும் அப்படித்தான். அதுக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதான் ஒவ்வொரு மூட்டுக்கும் எதிரும் புதிருமா சதை இருக்கு. தூக்குறதுக்கு ஒண்ணு, இறக்குறதுக்கு ஒண்ணு. ஒண்ணு இழுக்கும்போது எதிர்ல இருக்கிறது விட்டுக் குடுக்கணும். அப்பத்தான் எலும்பு நகரும். உங்க கையில இறக்குற சதை பாவம், உயிரைக் குடுத்து இழுக்குது. தூக்குன சதை விட மாட்டேங்குது."

"ஏன் விட மாட்டேங்குதுங்க?"

"அது எனக்குத் தெரியல. உங்களுக்குத்தான் தெரியணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். சடையாண்டிக்குத் தெரியும். வெளியே மரத்தடியில் உட்கார்ந்து, மொக்கையன் வாங்கி வந்த டீயை இடது கையால் குடித்தார்.

அதற்குப் பிறகு ஊர் அந்தக் கையோடு பழகிக்கொண்டது. சும்மா சொல்லக் கூடாது, செங்குளத்துக்காரர்கள் எதையும் வீணாக்க மாட்டார்கள். தலையில் ஏற்றிய மூடையைப் பிடிக்க அந்தக் கை தோதாக இருந்ததால் அவருக்கு வேலை போகவில்லை, முன்னைவிட இரண்டு மூடை கூடவே சுமந்தார். தையல்காரர் ராவுத்தர் அளவெடுத்து, வலது கை மேலே பார்த்த சட்டை தைத்துக் கொடுத்தார். காயப்போட்டால் கொடியில் அந்தச் சட்டை மட்டும் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கஷ்டப்பட வேண்டியதில்லை. சங்கக் கூட்டத்தில் கை தூக்கி முடிவெடுக்கும்போது அவர் எல்லாத் தீர்மானத்துக்கும் சம்மதம் என்று எண்ணப்பட்டு, வேலைநிறுத்தம் செய்வதற்கும் செய்யாமல் இருப்பதற்கும் ஒரே நாளில் ஆதரவு தெரிவித்ததால் பெரிய சண்டை வந்து, இனிமேல் சடையாண்டிக்கு மட்டும் தலையை ஆட்டினால் ஓட்டு என்று எழுதிக்கொண்டார்கள். மழை வந்தால் தார்ப்பாயின் ஒரு முனையை அவர் கையில் மாட்டிவிட்டு மற்ற மூன்று முனைக்கு மட்டும் கம்பு தேடினார்கள். மாசித் திருவிழாவுக்குத் தோரணம் கட்டும்போது கயிறு பேட்டை வாசலிலிருந்து அவர் கைக்கு வந்து, அங்கிருந்து டீக்கடைக்குப் போனது. வெளியூர் ஆட்களுக்கு வழி சொல்லும்போது, ஓங்குன கைக்குக் கிழக்கே மூணாவது கமிஷன் கடை என்று சொன்னார்கள்.

வெளியூர்ப் பெண்கள் சிலர் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் முன்னால் குனிந்து நின்றார்கள், ஆசீர்வாதம் என்று நினைத்து. முதல் தடவை அவர் பதறிப்போய் ஓடினார். அப்புறம் ஓடவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். ஊருக்குள் எந்த வீட்டிலாவது புருஷன்காரன் சத்தம் போட்டால், பொம்பளைகள் ஆள் அனுப்பி, "சடையாண்டி அண்ணன கொஞ்சம் இந்தப் பக்கமா நடந்துபோகச் சொல்லு" என்பார்கள். அவர் தெருவில் சும்மா நடந்துபோவார். வாசலில் ஓங்கப் போன கைகள் அந்தக் கையைப் பார்த்ததும் தலையைச் சொறியப் போய்விடும். அந்தக் கை நின்ற ஏழு வருஷமும் செங்குளத்தில் பெண்டாட்டி பிள்ளையை யாரும் அடிக்கவில்லை, நல்ல காரியம்தான். ஆனால் பழகப் பழக, அந்தக் கை யாரை அடிக்க ஓங்கியது என்பதை ஊர் மறந்துபோனது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அவர் பிறவியிலேயே அப்படி என்று நினைத்தார்கள்.

சடையாண்டி மறக்கவில்லை. ராக்கு பக்கத்தில் உட்கார்ந்து சோறு ஊட்டிவிடும் ஆரம்ப நாட்களில் அவர் மெல்ல ஆரம்பித்து நிறுத்திவிடுவார். கையைத் தடவிப் பார்ப்பார், தோளுக்கு மேலே சதை இழுத்துப் பிடித்துக்கொண்டு கல்லாக நிற்கும். விடு, விடு என்று அதனிடம் சொல்வார். ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டவன் பேச்சை அது ஏன் கேட்கப் போகிறது.

ஜோதி ஊருக்கு வரவில்லை; ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவுக்குப் போன் செய்வாள். சாப்பாடு, பரீட்சை, எத்தனை கிலோ தூக்கினாள், எல்லாம் சொல்வாள். பிறகு ரயில்வேயில் வேலை கிடைத்ததையும் அப்படித்தான் சொன்னாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வைப்பதற்கு முன்னால் மட்டும், "கை இறங்கிருச்சா?" என்பாள்.

"இல்ல" என்பாள் ராக்கு.

"சரி" என்று வைத்துவிடுவாள். சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் சடையாண்டிக்கு அந்த 'சரி' கேட்காது. ராக்கு சொன்ன 'இல்ல' மட்டும் கேட்கும். வாரம் ஒன்று என்று ஏழு வருஷத்து 'இல்ல' கேட்டார். ஒரு தடவையாவது போனை வாங்கிப் பேசியிருக்கலாம், கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான். கை இறங்கட்டும், இறங்கின கையோடு பேசுகிறேன் என்று இருந்துவிட்டார்.

ஏழாவது வருஷம் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோதி வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"திருச்சியில போட்டி இருக்கும்மா. அப்பாவ வரச் சொல்லு."

ராக்கு போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். "கூட்டமா இருக்குமேடி, எங்க உக்காந்திருக்காருன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்க உக்காந்தா என்ன? அந்தக் கைதான் தெரியுமே" என்றாள் ஜோதி. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவள் சிரித்த மாதிரி இருந்தது என்று ராக்கு சொன்னாள்.

"நீயும் வா" என்று சடையாண்டி கெஞ்சினார். "நான் வந்தா எனக்குப் பின்னாலயே ஒளிஞ்சு நிப்பீங்க. நீங்க மட்டும் போங்க" என்று ராக்கு சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

மண்டபம் நிறைந்து வழிந்தது. சடையாண்டிக்குக் கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்கத்தான் இடம் கிடைத்தது. ஆள் குட்டை; முன்னால் நின்றவர்களின் தோள்களுக்கு இடையில் மேடை ஒரு கையளவு தெரிந்தது. பின்னால் இருந்தவர்கள், "யோவ், கையை இறக்கு, மறைக்குது" என்றார்கள். செங்குளமாக இருந்தால் யாராவது எடுத்துச் சொல்லியிருப்பார்கள்.

ஜோதியின் பேரை மேடையில் அழைத்ததும் அவர் குதிகாலைத் தூக்கி எம்பினார். அகலமாக, திடமாக, நெற்றியில் வியர்வையோடு வந்தாள். உள்ளங்கையில் வெள்ளை மாவைத் தேய்த்துக்கொண்டு, கம்பிக்கு முன்னால் காலை அகட்டி, வலது காலைக் கொஞ்சம் வெளியே திருப்பி வைத்து நின்றாள். அது சடையாண்டி நிற்கிற நிலை. இருபத்தொன்பது வருஷமாக மூடைக்குக் கீழே அவர் நின்ற நிலை. யாரும் சொல்லிக்கொடுக்காமல், தூக்குவாளியில் சோறு கொண்டுவந்த நாட்களில் ஓரமாக நின்று பார்த்தே பிள்ளை எடுத்துக்கொண்டது. இதைப் போய் வேண்டாம் என்றேனே, என் உடம்பையே கேட்டு வாங்கிக்கொண்டு போனவளை விழட்டும் என்று விட்டேனே என்று நின்ற இடத்திலேயே கண் கலங்கினார்.

ஜோதி குனிந்தாள். குதிகால் முட்டிக்குக் கொடுத்தது, முட்டி இடுப்புக்கு, இடுப்பு முதுகுக்கு, முதுகு தோளுக்கு. ஒரே இழுப்பில் கம்பி தலைக்கு மேலே போனது. முழங்கை இரண்டும் நிமிர்ந்து பூட்டிக்கொண்டன. அந்தப் போட்டியில் ஒரு விதி உண்டு என்று பக்கத்தில் ஒருவர் தன் பெண்டாட்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: நடுவர் மணியடித்துச் சொல்கிறவரைக்கும் கையை இறக்கக் கூடாது, அவர் சொன்ன பிறகுதான் விட வேண்டும். மேடையில் மகள் இரண்டு கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள், கூட்டத்துக்குப் பின்னால் அப்பன் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நின்றார், இருவரும் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். அவருக்குப் பொறுக்கவில்லை. நடுவரின் மணி அடித்ததும் சடையாண்டியின் வாய், அவரைக் கேட்காமல், பேட்டையில் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டது:

"விட்டேன்."

ஜோதி கம்பியை விட்டாள். தடாலென்று தரை அதிர்ந்தது. சடையாண்டியின் கையும் இறங்கியது. மெதுவாக, வலிக்காமல், தொடையருகே வந்து தொங்கியது. தூக்கியது செல்லும் என்று மூன்று வெள்ளை விளக்கு எரிந்தது, மண்டபம் எழுந்து நின்று கத்தியது.

ஜோதி ஓடவில்லை, குதிக்கவில்லை. மேடை நுனிக்கு வந்து நின்று கூட்டத்துக்கு மேலே பார்த்தாள். இடமிருந்து வலமாகப் பார்த்தாள், வலமிருந்து இடமாகப் பார்த்தாள். எதைத் தேடுகிறாள் என்று அந்த மண்டபத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கையைத் தூக்கப் பார்த்தார். தூக்க முடியவில்லை. ஏழு வருஷம் விடாமல் இழுத்த சதை இனி என்னால் ஆகாது என்று ஓய்ந்துவிட்டது. தோளை உலுக்கினார், பல்லைக் கடித்தார், இடது கையால் அதைப் பிடித்து மேலே தள்ளினார், விட்டதும் விழுந்தது. இடது கையைத் தூக்கி ஆட்டினார். ஆயிரம் கைகள் ஆடிக்கொண்டிருந்தன. அவள் தேடியது ஆடாத கையை. "தாயி! தாயி!" என்று கத்தினார். எல்லோரும்தான் கத்திக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டு ஜோதி உள்ளே போனாள். அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து சேர்ந்தபோது, ரயில்வே அணி வேன் கிளம்பிவிட்டது என்று நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் வீட்டுக்கு வந்தார். வருகிற வழியில் பேட்டையைக் கடந்துதான் வந்தார். யாரும் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. டீக்கடையில் வெளியூர்க்காரர் ஒருவர் ஓங்கின கை எங்கே என்று விசாரித்துக்கொண்டிருந்தார். சட்டையின் வலது கை மட்டும் இறங்கத் தெரியாமல் தோளுக்கு மேலே சுருண்டு நின்றது.

ராக்கு வாசலில் நின்றிருந்தாள். தொங்குகிற கையைப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்றுதான் நினைத்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இறங்கிருச்சா?"

"இறங்கிருச்சு."

"ஐயோ, இன்னிக்குப் பார்த்தா இறங்கணும்? ஜோதி போன் பண்ணினா. அப்பா வரலம்மான்னு சொல்லிட்டு வச்சுட்டா."

ராக்கு போனைப் போட்டு அவரிடம் நீட்டினாள். இந்தத் தடவை வாங்கிக்கொண்டார். இடது கையால் காதில் வைத்தார். அந்தப் பக்கம் எடுக்கிற சத்தம் கேட்டது. அம்மா இல்லை என்று மூச்சிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

"வரலையேப்பா நீங்க" என்றாள் ஜோதி. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

"வந்தேன் தாயி. கடைசியில நின்னேன். கையைத்தான் தூக்க முடியல."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"உன்ன அடிக்க அவ்வளவு லேசா மேல போச்சு தாயி. கூப்பிடணும்னப்ப வரல."

ராக்கு பக்கத்தில் நிற்கிறாள், அவளுக்கு இது தெரியாது, இனிமேல் தெரியட்டும் என்று சொன்னார்.

"அன்னிக்கு மூடை ஏத்துறப்ப நான் சொல்லல. மறந்து போயில்ல. நீ விழணும்னுதான் சொல்லல. இப்பச் சொல்றேன் தாயி. விட்டேன்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அழுகிறாளா, யோசிக்கிறாளா, போனைத் தள்ளி வைத்துவிட்டாளா என்று தெரியவில்லை. ராக்கு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேட்டை முறை அவருக்குத் தெரியும். வாங்கிட்டேன் என்று காதில் விழுகிறவரைக்கும் கையை எடுக்கக் கூடாது. விளக்கு வைத்து, உலை வைத்து, சோறு பொங்கி, ராக்கு வந்து பார்த்தபோதும் அவர் அதே இடத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். இடது கை கடுக்க ஆரம்பித்திருந்தது. அவர் அதை இறக்கவில்லை.